அந்நியன் கடையில் அயர்லாந்துப் பொருள்

1999ஆம் ஆண்டில் ஆல்டி என்னும் ஜெர்மானிய மலிவு விலைப் பேரங்காடி நிறுவனம் அயர்லாந்தில் காலடி வைத்தது. அடுத்த ஆண்டே அதன் போட்டியாளரான லிடில் வந்து சேர்ந்தது. இன்று அந்நாட்டு மளிகை வணிகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்விரு நிறுவனங்களிடம் இருக்கிறது. ஆனால் கடைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது ஜெர்மனி அல்ல. பால், வெண்ணெய், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு என எதை எடுத்தாலும் இது ஐரிஷ் பொருள், இன்ன மாவட்டத்தில் விளைந்தது என்று எழுதியிருக்கிறது. அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தின் மகளிர் அணிகளுக்கு 2016 முதல் புரவலராக இருப்பதும் லிடில்தான்.

அந்நிய வணிகர் உள்ளூர் வேடம் புனைவது எங்கும் நடப்பதுதான் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அயர்லாந்தின் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று மக்களிடம் சொன்னதற்காக அயர்லாந்து அரசு ஐரோப்பிய நீதிமன்றத்தில் எதிர்வாதியாக நின்று 1982இல் தோற்றது. அரசு சொல்லக் கூடாது என்று விலக்கப்பட்ட அதே வாசகத்தை இன்று ஜெர்மானியக் கடை தன் வாசலில் எழுதிவைத்து விற்கிறது. இது எப்படி நேர்ந்தது, இதில் வென்றவர் யார் என்பதே நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள்.

*

'சுதேசி' என்றதும் நமக்கு 1905 நினைவுக்கு வரும். வங்கப் பிரிவினையும் அந்நியத் துணி எரிப்பும் வ.உ.சி.யின் கப்பலும் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது.

1699இல் ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அயர்லாந்தில் நெய்த கம்பளித் துணியை இங்கிலாந்து தவிர வேறெங்கும் அனுப்பக் கூடாது என்றது அது. இங்கிலாந்துக்கு அனுப்பலாமே என்றால், அங்கே தாங்க முடியாத வரி காத்திருந்தது. டப்ளின் நெசவாளர் தெருக்களில் தறிகள் ஓய்ந்தன. இந்நிலையில் 1720இல் பெயரில்லாத ஒரு துண்டு நூல் வெளிவந்தது. அயர்லாந்து மக்கள் அயர்லாந்தில் செய்த துணியையே உடுத்த வேண்டும், அறைகலன்களுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டது அது. எழுதியவர் டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைவரான ஜொனாதன் ஸ்விஃப்ட். 'கலிவரின் பயணங்கள்' வெளிவர அப்போது இன்னும் ஆறாண்டுகள் இருந்தன.

எழுதியவர் யாரென்று ஊருக்கே தெரிந்திருந்தும் அரசு அச்சிட்டவரைத்தான் பிடித்தது. எட்வர்ட் வாட்டர்ஸ் என்ற அந்த அச்சகத்தார் குற்றமற்றவர் என்று சான்றாயர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி விட்ஷெட் அதை ஏற்கவில்லை. மீண்டும் கூடிப் பேசி வாருங்கள் என்று ஒன்பது முறை அவர்களைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் வழக்கே கைவிடப்பட்டது.

அந்தத் துண்டு நூலில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி ஒன்றுண்டு. ஸ்விஃப்ட் துணி வாங்குபவர்களோடு மட்டும் பேசவில்லை. குத்தகைக்காரனைக் கசக்கிப் பிழியும் நிலவுடைமையாளரையும் அதே மூச்சில் சாடுகிறார். அதாவது, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற கேள்வியும், அதைச் செய்தவனுக்கும் விளைவித்தவனுக்கும் கையில் என்ன மிஞ்சியது என்ற கேள்வியும் அவருக்கு இரண்டல்ல. பின்னால் வந்த முந்நூறு ஆண்டுகளில் முதல் கேள்வி தழைத்தது. இரண்டாவது கேள்வியை அவ்வப்போதுதான் யாரேனும் எடுத்தார்கள்.

எடுத்த சமயங்களில் அது நாட்டையே அசைத்தது. 1880இல் மேயோ மாவட்டத்தில் ஒரு நிலவுடைமையாளரின் முகவராக இருந்த சார்ல்ஸ் பாய்காட்டுக்கு ஊர் மக்கள் வேலை செய்ய மறுத்தார்கள். கடைக்காரர்கள் சரக்கு தர மறுத்தார்கள். வடக்கிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, படைக்காவலோடு நடத்திய அந்த ஆண்டின் அறுவடைக்கு, விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு செலவானது. அவருடைய பெயரே ஒரு வினைச்சொல்லாகி உலக மொழிகளில் புகுந்தது. கால் நூற்றாண்டு கழித்துக் கல்கத்தாவின் கூட்டங்களில் முழங்கிய 'பாய்காட்' அந்த மனிதரின் பெயர்தான். பகிஷ்காரம் என்று நம்மவர் அதை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

வங்கத்தில் சுதேசி இயக்கம் எழுந்த அதே 1905இல் டப்ளினில் ஆர்தர் கிரிஃபித் தம் சின் ஃபெயின் கொள்கையை முன்வைத்தார். 'நாமே' என்பது அந்தப் பெயரின் பொருள். அரசியல் விடுதலையோடு, சொந்தத் தொழில்களைக் காப்பு வரியால் வளர்ப்பதும் அதன் பகுதி. ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஃப்ரீட்ரிக் லிஸ்ட்டின் கருத்துகளைக் கிரிஃபித் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் 'அயர்லாந்தில் செய்யப்பட்டது' என்று ஐரிஷ் மொழியில் பொறித்த தேசிய வணிக முத்திரை பதிவாயிற்று. உள்ளூர்ப் பொருள் என்பதற்கு ஓர் அடையாளச் சின்னம் பிறந்தது.

*

விடுதலைக்குப் பின், 1932இல் டி வலேரா ஆட்சிக்கு வந்தபோது, கிரிஃபித்தின் கனவு அரசின் கொள்கையாயிற்று. கிரிஃபித்தே டி வலேராவின் எதிர் அணியில் நின்று 1922இல் மறைந்தவர் என்பது வரலாற்றின் விளையாட்டு. பிரிட்டனுக்குச் செலுத்திவந்த நிலத் தவணைப் பணத்தை டி வலேரா நிறுத்தினார். பிரிட்டன் அயர்லாந்தின் கால்நடைகள் மீதும் பண்ணைப் பொருள்கள் மீதும் வரி விதித்தது. பதிலுக்கு அயர்லாந்தும் விதித்தது. 1938 வரை நீடித்த இந்தப் பூசலைப் பொருளாதாரப் போர் என்றே வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தொழில் அமைச்சர் ஷான் லெமாஸ் உயர்ந்த சுங்க மதில்களை எழுப்பினார். காலணி, ஆடை, மிட்டாய் என்று சிறு ஆலைகள் ஊருக்கு ஊர் முளைத்தன.

அயர்லாந்தில் இயங்கும் ஆலை அயர்லாந்தவர் கையில் இருக்க வேண்டும் என்று 1932இலும் 1934இலும் சட்டங்கள் வந்தன. மதிலுக்கு வெளியே நிற்க விரும்பாத பிரிட்டிஷ் நிறுவனங்கள் உள்ளூரில் பெயருக்குப் பங்குதாரர்களைப் பிடித்து உள்ளே வந்தன. பலகையில் ஐரிஷ் பெயர், கணக்கேட்டில் வேறு கதை. ஒரு பொருளின் 'தேசியம்' என்பது எவ்வளவு எளிதாக எழுதி ஒட்டப்படக்கூடியது என்பதற்கு இது முதல் பாடம்.

போட்டியில்லாத சிறு சந்தைக்குள் பொருள்கள் விலை உயர்ந்தும் தரம் தாழ்ந்தும் இருந்தன. 1950களின் பத்தாண்டில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 28 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. சொந்தப் பொருளை வாங்க வேண்டியவர்களே கப்பலேறிவிட்ட நாட்டில் காப்பு வரி யாரைக் காக்கும்? 1958இல் நிதித்துறைச் செயலர் டி.கே. விட்டேக்கரின் அறிக்கை மதில்களைத் தளர்த்தச் சொன்னது. மதில் எழுப்பிய லெமாஸே பின்னர்ப் பிரதமராகி அவற்றை இறக்கும் வேலையையும் செய்தார். 1973 ஜனவரி 1 அன்று அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது.

*

மதில் போயிற்று; மனம் இருக்கிறதல்லவா? 1978 ஜனவரியில் அரசு மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. நுகர்வோர் செலவில் 3 விழுக்காட்டை இறக்குமதியிலிருந்து உள்நாட்டுப் பொருளின் பக்கம் திருப்புவது குறிக்கோள். எந்தப் பொருள் அயர்லாந்தில் கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று இலவசமாகச் சொல்லும் ஒரு தகவல் சேவை, கண்காட்சி வசதி, 'உறுதியாக ஐரிஷ்' என்ற முத்திரை, பெரிய விளம்பர இயக்கம் ஆகியவை இத்திட்டத்தின் அங்கங்கள். இதற்கென்றே ஐரிஷ் சரக்குகள் மன்றம் ஒன்று இயங்கியது. அதன் நிர்வாகக் குழுவை அமைச்சர் நியமித்தார். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றது.

ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்தது. இதற்கு முன்பே, 1981இல், நினைவுப் பொருள் வழக்கு ஒன்றில் அயர்லாந்து தோற்றிருந்தது. மூன்றிலைச் செடியும் வட்டக் கோபுரமும் வேட்டைநாயும் பொறித்த நினைவுப் பொருள்கள் வெளிநாட்டில் செய்யப்பட்டிருந்தால் 'அந்நியம்' என்று அவற்றில் எழுத வேண்டும் என்ற விதி செல்லாது என்று லக்சம்பர்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது இரண்டாவது வழக்கு. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுகோள்தான் விடுத்தோம் என்றது அயர்லாந்து. அதோடு இன்னொன்றையும் எடுத்துச் சொன்னது: இயக்கம் நடந்த காலத்தில் உள்நாட்டுப் பொருள்களின் பங்கு கூடவில்லை, குறைந்தது; 1977இல் 49.2 விழுக்காடாக இருந்தது 1980இல் 43.4 விழுக்காடாகிவிட்டது, ஆகவே எவருக்கும் கேடில்லை. தன் திட்டத்தின் தோல்வியையே தன் பாதுகாப்புச் சான்றாக ஓர் அரசு நீட்டிய விந்தை அது.

நீதிமன்றம் ஏற்கவில்லை. 1982 நவம்பர் 24 அன்று வந்த தீர்ப்பு, கட்டாயம் இல்லாத வேண்டுகோளாயினும் அரசு செய்தால் அது வணிகரையும் வாங்குபவரையும் அசைக்கக் கூடியது, விளைவு இல்லாமற்போனாலும் நோக்கம் நோக்கமே என்றது. தனியார் சங்கம் சொன்னால் குற்றமில்லை, அரசு சொல்லக் கூடாது. முத்திரை அரசின் கையிலிருந்து விலகித் தனி அமைப்பொன்றின் வழியே இன்றும் வாழ்கிறது.

நாம் இதை வாசிக்கும்போது நீதிமன்றத்தின் மீது கோபம் வருவது இயல்பே. ஆனால் 49.2, 43.4 என்ற இரண்டு எண்களையும் மறுபடி பார்க்க வேண்டும். தீர்ப்பு வருமுன்பே வாங்குபவர் தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டிருந்தார். முத்திரையைப் பார்த்து நெகிழ்ந்த கண் அடுத்து விலைச்சீட்டைப் பார்த்தது.

*

அந்த விலைச்சீட்டை எழுதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944இல் பென் டன் என்பவர் கார்க் நகரில் ஒரு துணிக்கடை திறந்தார். போர்க்காலப் பஞ்சத்தில் மலிவாக விற்ற அந்தக் கடை வளர்ந்து டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற நாடு தழுவிய பேரங்காடியாயிற்று. மலிவு என்பது ஜெர்மானியர் கொண்டுவந்த புதுச்சரக்கு அல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம். 1980களில் ஐரிஷ் பேரங்காடிகளின் விலைப்போர் உச்சத்தில் இருந்தது. 1987இல் ஹெச். வில்லியம்ஸ் என்ற அங்காடி நிறுவனம் அதில் வீழ்ந்தது. அந்த ஆண்டே, சரக்குப் பட்டியலில் கண்ட கொள்முதல் விலைக்குக் கீழே மளிகையை விற்கக் கூடாது என்று அரசு ஆணை பிறப்பித்தது.

பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அதே காலத்தில் கடைப்பணியாளர்களே வேறொரு முகத்தோடு எழுப்பினார்கள். 1984 ஜூலை 19 அன்று டப்ளின் ஹென்றி தெருவில் உள்ள டன்ஸ் கடையில், தென்னாப்பிரிக்காவின் கிரேப்ஃப்ரூட் பழங்களுக்குக் காசு வாங்க மேரி மானிங் என்ற இளம்பெண் மறுத்தார். நிறவெறி அரசின் சரக்கைத் தொடுவதில்லை என்பது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. அவர் இடைநீக்கம் செய்யப்பட, தோழர்கள் சிலர் அவரோடு வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1987இல் தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் அயர்லாந்து தடைசெய்தது. இங்கே எழுந்த கேள்வி 'இது நம் நாட்டுப் பொருளா' என்பதல்ல. 'இதை விளைவித்தவனை எப்படி நடத்தினார்கள்' என்பது. ஸ்விஃப்ட்டின் இரண்டாவது கேள்வி, கல்லாப் பெட்டியருகே நின்ற ஒரு பெண்ணின் வாயிலாகத் திரும்பிவந்தது.

*

1997இல் பிரிட்டனின் டெஸ்கோ, குவின்ஸ்வர்த் என்ற பெயரில் இயங்கிய அங்காடிகளை விலைக்கு வாங்கி உள்ளே வந்தது. இரண்டாண்டில் ஆல்டி. இந்த நிறுவனத்தின் பிறப்பிடம் எளியது. 1913இல் எஸ்ஸென் நகரின் சுரங்கப் புறநகரொன்றில் ஆல்பிரெக்ட் குடும்பத்துத் தாய் நடத்திய சிறு மளிகைக் கடை அது. போருக்குப் பின் 1946இல் மகன்கள் கார்லும் தியோவும் பொறுப்பேற்றார்கள். வாங்கவும் விற்கவும் சரக்குக் குறைவாயிருந்த காலத்தின் கட்டாயத்தையே அவர்கள் கொள்கையாக்கினார்கள். சாதாரணப் பேரங்காடி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அடுக்கும்போது, இவர்கள் ஆயிரம் இரண்டாயிரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சரக்கு வந்த அட்டைப் பெட்டியோடு அப்படியே அலமாரியில் ஏறும். ஆட்கள் குறைவு, அலங்காரம் இல்லை. ஒரே பொருளைப் பெருமளவில் வாங்குவதால் விலையைப் பேசும் வலிமை கடையின் பக்கம் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான பொருள்கள் கடையின் சொந்தப் பெயரில் வரும். செய்தவர் பெயர் உறையில் முன்னிற்காது.

வந்த புதிதில் இக்கடைகளின் அலமாரிகளில் ஐரோப்பியப் பெருநிலத்துச் சரக்கே மிகுதி. திருப்பம் 2008இல் நேர்ந்தது. அயர்லாந்தின் பொருளாதாரம் சரிந்த அதே வேளையில் பவுண்டின் மதிப்பும் வீழ்ந்தது. ஐரிஷ் குடும்பங்கள் கார்களில் எல்லை தாண்டி, வட அயர்லாந்தின் நியூரி நகரத்துப் பேரங்காடிகளுக்குச் சாரிசாரியாகப் போயின. அங்கே செலவழிக்கும் பணம் பிரிட்டிஷ் அரசியின் வரியாகப் போகிறது என்று நிதியமைச்சர் கடிந்துகொண்டார். கார்கள் திரும்பவில்லை. 2009இல் உணவு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஐரிஷ் உணவை நேசிப்போம் என்றொரு முத்திரையைத் தொடங்கினார்கள். ஜெர்மானியக் கடைகள் இந்தக் காற்றின் திசையைச் சரியாகக் கணித்தன. ஐரிஷ் என்ற சொல்லும் வேண்டும், குறைந்த விலையும் வேண்டும் என்று நிற்கும் மக்களுக்கு இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தன. 1978இல் அரசால் செய்ய முடியாததை வணிகக் கணக்கு செய்து முடித்தது.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல நாம் துணியமாட்டோம். இந்தக் கடைகளின் வழியே எத்தனையோ ஐரிஷ் பண்ணைகளும் சிறு ஆலைகளும் பெரிய சந்தையைக் கண்டிருக்கின்றன. சிலருடைய சரக்கு கடையோடு கப்பலேறிப் பிற நாடுகளுக்கும் போயிருக்கிறது. மலிவான ரொட்டியும் பாலும் ஏழை வீட்டுக்குச் செய்யும் உதவியைத் தேசபக்தியின் பெயரால் எள்ளுவது வயிறு நிறைந்தவர்களின் பழக்கம்.

ஆனால் முத்திரை சொல்லாமல் விட்டவையும் உண்டு. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 வகை மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்ததில் 10 வகைகளில் குதிரையின் மரபணு இருந்தது. ஒன்றில் இறைச்சியின் 29 விழுக்காடு குதிரை. அவற்றுள் பெரும்பாலானவை அயர்லாந்தின் ஆலைகளில் செய்யப்பட்டவையே. செய்த ஊர் உண்மை. உள்ளே இருந்த சரக்கின் பயணம் வேறு.

காய்கறியின் கதை இன்னும் கசப்பானது. 1987 ஆணை புதுக் காய்கறிகளுக்குப் பொருந்தாது. மற்ற பொருள்களுக்கான காப்பும் 2006இல் நீக்கப்பட்டது. பெரிய கடைகள் பட்டியலுக்கு வெளியே பெறும் தள்ளுபடி வாங்குபவருக்குப் போய்ச் சேராதபடி அந்த ஆணை தடுக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் 2013 கிறிஸ்துமஸ் வாரத்தில் கேரட்டும் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் பேரங்காடிகளில் பை ஒன்று சில சென்ட்டுக்கு விற்றன. கூட்டத்தை இழுக்கும் தூண்டில் அது. அந்த வாரத்து நட்டத்தைத் தாங்களே ஏற்றோம் என்று கடைகள் சொன்னன. விவசாயிகள் சங்கம் தெருவுக்கு வந்தது. ஒரு கேரட்டின் விலை ஐந்து சென்ட் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால், அடுத்த ஆண்டு பேரத்தில் அதன் பாரம் யார் தோளில் இறங்கும் என்பது உழுபவனுக்குத் தெரியும். அந்தப் பைகளிலும் ஐரிஷ் என்று எழுதியிருந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அலமாரியில் இடம்பெறச் சரக்குத் தருபவர் கடைக்குக் கட்டும் பணத்துக்கு அங்கே 'ஹலோ மணி' என்று ஒரு பெயரே உண்டு. இத்தகைய வழக்கங்களைத் தடுக்கச் சட்டங்கள் தனித்தனியே வந்தன. 2019இன் ஐரோப்பிய ஆணைக்குப் பின், 2023இல் சட்டம் இயற்றி, அந்த ஆண்டு டிசம்பரில் வேளாண் உணவு ஒழுங்குமுறை அமைப்பொன்றை அயர்லாந்து நிறுவியது. வாங்கும் பெரிய கடைக்கும் விற்கும் சிறிய பண்ணைக்கும் இடையிலான பேரத்தில், தாமதக் கொடுப்பனவையும் கடைசி நேர இரத்தையும் கேள்வி கேட்க இப்போது ஓர் இடம் இருக்கிறது. கேரட்டுக்கு என்ன விலை தர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

வென்றவர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். அயர்லாந்துப் பொருள் வென்றது, அதில் ஐயமில்லை. மூன்று நூற்றாண்டுகளாகத் துண்டு நூலும் முத்திரையும் சுங்க வரியும் அரசு விளம்பரமும் துரத்திய அந்த இடம், கடையின் நடு அலமாரி, இன்று அதற்குக் கிடைத்திருக்கிறது. அதைச் செய்தவர் வென்றாரா என்பதற்கு உறையில் விடை இல்லை. அவர் பெயரே அதில் முன்னிற்பதில்லை. 1720இல் ஸ்விஃப்ட் நெசவாளியையும் குத்தகைக்காரனையும் ஒரே துண்டு நூலில் நிறுத்தினார். நாம் நம் ஊர்களில் உள்ளூர்ப் பொருளைப் பற்றிப் பேசும்போதும், பொருளின் பிறந்த ஊரைக் கேட்பதோடு, அது எந்த விலைக்கு யார் கையைவிட்டுப் போனது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரன் நம்மவனா அந்நியனா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.